சிம்ஸ் பூங்காவின் மரங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்தால் குன்னூர் சிம்ஸ் பூங்காவின் படம் நாளிதழ்களில் வந்துவிடும். திராட்சையும் ஆரஞ்சும் அன்னாசியும் அடுக்கிச் செய்த உருவங்களின் முன்னால் நின்று மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழக்கண்காட்சி முடிந்ததும் பூங்காவைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிடுகிறது. அந்த உருவங்களுக்குப் பின்னால் நிற்கும் மரங்கள் எங்கிருந்து வந்தன, அவை விழுந்தால் அதே இனத்தில் இன்னொன்றை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. ஒரு மலையூரின் பொதுப்பூங்காவுக்கு உள்ள பாரம்பரிய மதிப்பு என்ன, அதைக் காக்கச் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே எழுத இடம் கேட்கிறோம்.

பூங்கா அமைந்தது 1874-ல். சென்னை அரசின் செயலராக இருந்த சிம்ஸ், படைக்குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மர்ரே ஆகிய இருவரின் முயற்சி அது. ஊட்டியில் அதற்கு முன்பே, 1848-ல், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அரசு தாவரவியல் பூங்காவுக்கு உருக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். இரண்டுக்கும் பிறப்பிலேயே வேறுபாடு உண்டு. ஊட்டிப் பூங்கா தொழில் தெரிந்த தோட்டக்காரரின் கையில் வளர்ந்தது. அங்கிருந்த மெக்ஐவர்தான் மலேரியா மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட 1860-ல் தொடங்கிய முயற்சியையும் நடத்தினார். குன்னூர்ப் பூங்காவோ ஊராரும் வெளியூராரும் வந்து உலாவிப் பொழுதுபோக்குவதற்காகத் தொடங்கி, பிறகு படிப்படியாகத் தாவரத் தொகுப்பாக மாறியது. இன்று சுமார் 12 ஹெக்டேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் உள்ள இடம் இது. பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய இடம் என்பதாலேயே இதன் தாவர மதிப்பைக் குறைத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அது சரியல்ல.

நிலத்தின் அமைப்பிலிருந்து பார்க்க வேண்டும். பூங்கா கடல் மட்டத்திலிருந்து 1,768 மீட்டருக்கும் 1,798 மீட்டருக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் கிடக்கிறது. முப்பது மீட்டர் உயர வேறுபாடு என்பது கேட்கச் சிறியது. ஆனால் செடிகளுக்கு அது பெரிய வேறுபாடு. கீழே குளத்தை ஒட்டிய பகுதியில் காற்று அடங்கியிருக்கும், ஈரம் தங்கும். பெரணி மரங்களும் கமேலியா பூச்செடிகளும் கேட்பது அந்தச் சூழலைத்தான். மேலே போகப் போக வெயிலும் காற்றும் கூடி, நீர் விரைவில் வடிந்துவிடும். ஊசியிலை மரங்கள் அங்கே நன்றாக நிற்கும். பூங்காவை அமைத்தவர்கள் சரிவை வெட்டிச் சமன்செய்யாமல், அதன் வளைவோடு பாதைகளைக் கொண்டுபோனார்கள். இயற்கையாகவே அங்கிருந்த மரங்களையும் புதர்களையும் கொடிகளையும் விட்டுவைத்து, அவற்றுக்கு நடுவே புதியவற்றை நட்டார்கள். ஆங்கிலேயப் பாணியும் ஜப்பானியப் பாணியும் கலந்தது என்று இந்தப் பூங்காவைச் சொல்வது வழக்கம். அந்தக் கலப்புக்கு அடிப்படை நிலத்தின் இந்த ஏற்ற இறக்கமே. ஆகவே ஒரு பாதையை நேராக்குவதும், ஒரு மேட்டைச் சரித்துச் சமதளம் ஆக்குவதும் பாரம்பரியத்தில் கைவைப்பதாகும். அங்கே ஒரு மரம்கூட வெட்டப்படாவிட்டாலும் அப்படித்தான்.

அடுத்து மரங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த அகாதிஸ் ரொபஸ்டா, அதே கண்டத்தின் கிழக்குக் கரையிலிருந்து வந்த டர்பென்டைன் மரம், அரக்கேரியா, ஓக், மக்னோலியா, உத்திராட்சம், ஈச்ச இனங்கள் என்று இங்கே ஒரே சரிவில் நிற்பவற்றில் பல, தங்கள் தாயகத்தில் ஒன்றையொன்று பார்க்க வாய்ப்பில்லாதவை. டர்பென்டைன் மரத்தின் கட்டையைக் கடல்நீரில் வாழும் மரந்துளைக்கும் உயிரினங்கள் எளிதில் அரிப்பதில்லை. அதனால் அதன் நாட்டில் துறைமுகத் தூண்களுக்கு அதைத் தேடி வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கன்றுகள் கடல் கடந்து வந்தது சும்மா அழகுக்காக மட்டுமல்ல. எந்த மரம் எந்த மண்ணில் தேறும், அதனால் என்ன வருமானம் வரும் என்ற கணக்கு அதில் இருந்தது. வார்டு பெட்டி எனப்பட்ட மூடிய கண்ணாடிப் பெட்டியில் ஈரம் வெளியேறாமல் கன்றுகளை மாதக்கணக்கில் கப்பலில் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. நீலகிரிக்கு வந்த சின்கோனாக் கன்றுகள் அப்படிப் பயணம் செய்தவையே. பூங்காவுக்கு அருகில் பிற்காலத்தில் அமைந்த அரசுப் பழப்பண்ணையும், ஆண்டுதோறும் நடக்கும் பழக்கண்காட்சியும் அந்தப் பயிர்ச்சோதனை மரபின் தொடர்ச்சி. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் கண்காட்சி நடத்தினால் பழத்தில் செய்த யானை மட்டுமே மனதில் நிற்கும்.

தோட்டத்தைப் பாரம்பரியமாகக் காப்பது கோயிலையோ கோட்டையையோ காப்பதைப் போன்ற வேலை அல்ல என்பதை உலக அளவில் ஒப்புக்கொண்ட ஆவணம் ஒன்று உண்டு. 1981-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உருவான வரலாற்றுத் தோட்டங்களுக்கான சாசனம் அது. தோட்டத்தின் முதன்மைப் பொருள் உயிருள்ள தாவரம், அது அழியும், புதுப்பிக்கவும் படும் என்று அந்தச் சாசனம் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. அதன்படி பார்த்தால் முதல் வேலை இனங்கண்டு பட்டியலிடுவது. அடுத்தது இடைவிடாத பராமரிப்பு. அதற்கும் அடுத்தது, மரம் முதிர்ந்து சாயும் முன்பே மாற்று மரத்தை வளர்த்து வைப்பது. வரிசை முக்கியம். பட்டியல் இல்லாமல் பராமரித்தால் எதைப் பராமரிக்கிறோம் என்பதே தெரியாது. ஒரு மரம் விழுந்த மறுநாள் அங்கே கையில் கிடைத்த கன்று ஒன்று நடப்படும். அப்படி இருபது மரங்கள் மாறிவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் பழையதாக இருக்கும், தோட்டம் வேறாகியிருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கையின் மையம் மரப்பதிவேடு. அதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பல ஊர்களில் இந்த வேலை தொடங்கிப் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் முறை தெரியாமை.

12 ஹெக்டேரை 50 மீட்டருக்கு 50 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 48 கட்டம் வரும். சரிவில் விளிம்புக் கட்டங்கள் அரைகுறையாக விழும் என்பதால் நடைமுறையில் 60 வரை போகலாம். கைப்பேசியின் ஜி.பி.எஸ்.-ஐ மட்டும் நம்பி மரத்தின் இடத்தைக் குறிக்கக் கூடாது. பள்ளத்தாக்கிலும் அடர்ந்த இலைக்கூரையின் கீழும் அது ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களின் எண் மாறிப்போகும். மாறாத புள்ளிகளை, அதாவது படிக்கட்டின் மூலை, கண்ணாடி மாளிகையின் மூலை, கல்தூண் போன்றவற்றை, முதலில் நில அளவைக் கருவி கொண்டு துல்லியமாகக் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் இப்படிப்பட்ட இரண்டு புள்ளிகளிலிருந்து நாடா பிடித்து தூரம் எழுத வேண்டும். இரண்டு தூரமும், புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் இருந்தால், வரைபடத்தில் மரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், சரிவின் மேல்பக்கத்தில் நின்று அளப்பதே நம் நாட்டு வனத்துறை வழக்கம். 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட எல்லா மரங்களும் பதிவாக வேண்டும். அதற்குக் குறைந்தவற்றில் அரிய இனங்கள் மட்டும் போதும். சுற்றளவோடு உயரம், கிளைப்பரப்பின் அகலம், அடிமரத்தில் பொந்து அல்லது காளான் உண்டா, கிளை முறிந்த காயம் எங்கே, வேர்ப்பகுதியில் என்ன கட்டியிருக்கிறது என்பதும் வரவேண்டும். மூன்று பேர் கொண்ட குழு ஒரு நாளில் இரண்டு கட்டம் முடித்தால்கூட ஐந்தாறு வாரத்தில் அளவு வேலை தீர்ந்துவிடும்.

சுற்றளவை வைத்து வயது கணக்கிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஆண்டில் நட்ட ஒரே இனத்து இரண்டு மரங்களில், குளத்தருகே நிற்பது மேட்டில் நிற்பதைவிட இரண்டு மடங்கு பருத்திருக்கக் கூடும். ஆவணத்தில் நட்ட ஆண்டு இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுவதே நேர்மை. "150 ஆண்டு மரம்" என்று ஒருமுறை பலகை எழுதிவிட்டால் பிறகு அதை எல்லோரும் எடுத்து எழுதுவார்கள், திருத்தவே முடியாது.

அளவு வேலையைவிட இனங்காணும் வேலைக்குப் பொறுமை வேண்டும். அதற்கு முழுமையாக ஓராண்டு ஆகும், ஏனென்றால் பூவோ காயோ இல்லாமல் பல மரங்களை உறுதியாகச் சொல்ல முடியாது. உத்திராட்சத்தையே எடுத்துக்கொள்வோம். மணிமாலைக்குப் பயன்படும் உத்திராட்சம் எலியோகார்பஸ் கனிட்ரஸ் என்ற இனம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மரங்கள் இயல்பாகவே வளர்கின்றன. அவற்றில் சிலவற்றையும் ஊரில் உத்திராட்சம் என்றே சொல்கிறார்கள். இலையின் நிறத்தையும் உதிரும் முன் சிவக்கும் தன்மையையும் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பழத்தைப் பறித்து, சதையை நீக்கி, கொட்டையின் முகங்களையும் மேற்பரப்பின் மேடுபள்ளங்களையும் பார்த்தால்தான் வேறுபாடு தெளியும். அரிய மரம் என்று வெளிநாட்டு இனத்தைக் கொண்டாடும்போது, பக்கத்தில் நிற்கும் சோலை மரம் இந்த மலைகளுக்கே உரிய இனமாக இருக்கக் கூடும். பதிவேடு அதையும் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு இனத்திலிருந்தும் பூவும் காயும் உள்ள சிறு கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, உலர்தாவரத் தாளாக்கி, மரத்தின் எண்ணையும் எழுதி, கோவையில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் சேர்க்க வேண்டும். 1955 முதல் அங்கே இயங்கும் அந்த மையத்தில் தென்னகத்தின் மிகப் பெரிய உலர்தாவரத் தொகுப்புகளில் ஒன்று இருக்கிறது. நாளைக்கு மரம் விழுந்துவிட்டாலும், இங்கே நின்றது எது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. பிற்காலத்தில் தாவரப் பெயர்கள் மாறினாலும், தாளை எடுத்துப் பார்த்துப் புதிய பெயரைப் பொருத்திக்கொள்ளலாம். பெயரை மட்டும் எழுதிவைத்தால் இந்த வசதி கிடையாது.

பெயர்ப்பலகையைப் பற்றி ஒரு சொல். ஆணி அடிப்பதும் கம்பி கட்டுவதும் பல பூங்காக்களில் நடக்கின்றன. இரும்பாணி துருப்பிடித்து மரத்தைக் கறையாக்கும், சில ஆண்டுகளில் பட்டை வளர்ந்து பலகையை விழுங்கும். கம்பி இன்னும் மோசம். மரம் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் அழுந்தி, இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்கும் வழியை அடைத்துவிடும். மரம் மேலே பசுமையாக இருந்தபடியே கீழே பட்டினி கிடக்கும். பொறித்த அலுமினியத் தகட்டைத் தரையில் நட்ட குச்சியில் வைப்பது முதல் தேர்வு. மரத்திலேயே வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகில் சுருள்வில் போட்டு இடைவெளி விட்டுப் பொருத்தி, ஆண்டுக்கு ஒருமுறை திருகைத் தளர்த்த வேண்டும். தகட்டில் பதிவெண், தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம் இவை போதும். விளம்பரதாரர் பெயருக்கு அதில் இடமில்லை.

மரங்களுக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு கோடரியால் வருவதல்ல. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலே இருக்கிறது, வெட்டுவதற்கு அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். சிமென்ட் போடுவதற்கு அப்படி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரிய மரத்தைச் சுற்றி வட்டமாக மேடை கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே ஓடு பதிப்பது அழகுபடுத்தும் திட்டங்களில் தவறாமல் வரும் வேலை. அடிமரம் விரிந்து வேராகும் இடத்தில் பட்டைக்குக் காற்று வேண்டும். அதை ஓரடி மண்ணால் மூடினால் பட்டை ஊறி அழுகும், பூஞ்சை உள்ளே போகும். அதன் விளைவு தெரிய ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள்வரை ஆகலாம். அதற்குள் மேடை கட்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். மரம் சாய்ந்ததற்குக் காரணம் புயல் என்று எழுதப்படும்.

உணவையும் நீரையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 30 முதல் 60 செ.மீ.க்குள் பரவியிருக்கும். ஒரு மரத்துக்கு எவ்வளவு தூரம் விட்டுக் கட்ட வேண்டும் என்பதற்குத் தொழில்முறையில் எளிய கணக்கு ஒன்று உண்டு. நெஞ்சு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், தண்டின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 75 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 9 மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் குழி தோண்டுவது, மின்கம்பி புதைப்பது, பேவர் பிளாக் பதிப்பது, லாரி நிறுத்துவது எதுவும் கூடாது. பதிவேட்டில் மரத்தின் சுற்றளவு இருந்தால், வரைபடத்தில் இந்த வட்டங்களை ஒரே நாளில் வரைந்துவிடலாம். எந்த ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பும் அந்த வரைபடத்தை இணைப்பது கட்டாயம் என்று ஆக்கினாலே பாதிச் சேதம் குறையும்.

பழக்கண்காட்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அது இந்தப் பூங்காவின் மரபு, மலைத்தோட்ட விவசாயிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அது நடக்கும் காலத்தைக் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் கோடைமழை பெய்து மண் ஈரமாக இருக்கும். காய்ந்த மண்ணைவிட ஈரமண் மிதிபட்டால்தான் அதிகமாக இறுகும், ஏனென்றால் நீர் மண்துகள்களை வழுக்கி ஒன்றோடொன்று நெருங்க வைக்கிறது. களிமண் கலந்த நிலத்தில் மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராமைத் தாண்டினால் வேர் நுழையத் திணறும். அப்படி இறுகிய பிறகு மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும், சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் கனமான உருவங்களையும் கடைகளையும் மேலே சொன்ன வேர்வட்டத்துக்கு வெளியே வைக்க வேண்டும். வண்டி போகும் வழியில் 10 செ.மீ. தடிமனுக்கு மரச்சில்லு பரப்பி அதன்மேல் கனமான பலகை போட வேண்டும். கண்காட்சி முடிந்த வாரத்திலேயே புல்தரையில் தோட்ட முள்கரண்டியால் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, ஆற்று மணலும் சலித்த மக்கு உரமும் கலந்து துளைகளில் இறக்கி, குறைந்தது ஆறு வாரம் மிதிபடாமல் விடவேண்டும். வருமானம் குறையும் என்று இந்த ஓய்வைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மரத்தடியில் கரண்டியால் ஆழக் குத்தக் கூடாது, வேர் அறுபடும். அங்கே 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு போதும், அதுவும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளத்தாக்கில் கிடக்கும் பூங்காவுக்கு வடிகால் உயிர்நாடி. சிமென்ட் இல்லாமல் அடுக்கிய பழைய கல் தடுப்புச்சுவர்களின் இடுக்கு வழியாகவே மழைநீர் கசிந்து வெளியேறும். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அந்த இடுக்குகளைச் சிமென்டால் பூசிவிட்டால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கும், மண்ணின் எடை கூடும், சுவர் வயிறு தள்ளி ஒருநாள் சரியும். பூசியே ஆகவேண்டும் என்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத்துளையும், பின்னால் சல்லி வடிகட்டியும் வைக்க வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் எல்லாக் கால்வாயையும் தூர்வாருவது, பாதையின் உள்பக்கச் சாய்வைச் சரிபார்ப்பது ஆகிய இரண்டும் பூச்செடி நடுவதைவிட முக்கியமான வேலைகள்.

இனி, எங்களுக்கு அதிகக் கவலை தரும் விஷயம். முதிர்ந்த மரங்களுக்கு வாரிசு வளர்ப்பது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வழி, ஒவ்வொரு சிக்கல். அகாதிஸின் கூம்புகள் மரத்தின் உச்சியிலேயே உடைந்து, இறகுள்ள விதைகள் பறந்துவிடும். கீழே விழுந்ததைப் பொறுக்கலாம் என்று காத்திருந்தால் பதர்தான் கிடைக்கும். கூம்பு பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கும்போதே ஏறிப் பறிக்க வேண்டும். விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும் என்பதால் உடனே விதைக்க வேண்டும். அரக்கேரியாவில் பக்கக் கிளையின் நுனியை வெட்டி வேர்விட வைத்தால் வேர்விடும், ஆனால் அந்தச் செடி வாழ்நாள் முழுக்கப் பக்கவாட்டிலேயே படர்ந்து வளரும், நிமிரவே நிமிராது. நேராக வளரும் தலைக்குருத்திலிருந்து எடுத்த குச்சியோ விதையோதான் மரமாகும். தெரியாமல் செய்தால் பத்தாண்டு கழித்துத்தான் தவறு புரியும். கமேலியாவில் பெயர்பெற்ற ரகங்கள் விதையில் தாய்க்குணம் காட்டாது, பாதி முற்றிய குச்சியோ விண்பதியமோ (கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்வது) வேண்டும். மக்னோலியாவுக்கும் விண்பதியம் நன்றாக வரும். விதை என்றால் மேலுள்ள சிவப்புச் சதையை நீக்கிக் காயவிடாமல் விதைக்க வேண்டும். உத்திராட்சக் கொட்டையின் ஓடு கடினமானது, முளைக்க மாதக்கணக்கில் ஆகும். ஒரு பருவத்தில் முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திவிடக் கூடாது.

பெரணி மரத்துக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அது முறிந்தால் மரம் முடிந்தது, வெட்டிய தண்டிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. அதன் தண்டைப் போர்த்தியிருக்கும் கருநார் பெரும்பாலும் வேர்கள். ஆர்கிட் வளர்க்க அந்த நாரைச் சுரண்டுவது மரத்தின் ஈரத்தை உருவுவதற்குச் சமம். கோடையில் தண்டின்மேல் நீர் தெளிக்க வேண்டும், அடியில் மட்டும் ஊற்றிப் பயனில்லை. புதிய செடி வித்துத்தூளிலிருந்துதான் வரும். ஓராண்டுக்கு மேல் நிழலறையில் பொறுமையாகப் பார்க்க வேண்டிய வேலை அது.

ஒவ்வொரு முக்கிய மரத்துக்கும் குறைந்தது மூன்று வாரிசுக் கன்று வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று ஊட்டிப் பூங்காவில், மற்றொன்று வேறு மலையூர் ஒன்றில். தாய்மரத்தின் பதிவெண் கன்றுக்கும் தொடர வேண்டும். பழைய மரம் விழுந்த அதே குழியில் உடனே நடுவது தவறு. அழுகும் வேர்களில் தங்கிய வேரழுகல் பூஞ்சை இளங்கன்றைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கட்டையையும் தடித்த வேர்களையும் எடுத்துவிட்டு, சில மீட்டர் தள்ளி நடுவதே பாதுகாப்பு. விழுந்த மரத்தின் நிழலில் வாழ்ந்த கமேலியாவும் பெரணியும் திடீர் வெயிலில் கருகாமல் இருக்க, கன்று வளர்ந்து நிழல் தரும்வரை நிழல்வலை கட்ட வேண்டும்.

விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் மரத்தின் தலையை வெட்டிக் குட்டையாக்குவதும் நடக்கிறது. ஊசியிலை மரங்களில் தலைக்குருத்து போனால் வடிவம் பெரும்பாலும் பழையபடி திரும்பாது. அகன்ற இலை மரங்களில் வெட்டிய இடத்தில் கூட்டமாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையோரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும், பத்தாண்டில் அவையே முறிந்து தலையில் விழும். பருவமழைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை மரச்சுத்தியால் தட்டிப் பொந்தோசை கேட்பது, காளான் தேடுவது, காய்ந்த கிளையை, அது தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் கழுத்து வளையத்துக்கு வெளியே மூன்று வெட்டில் இறக்குவது, வெட்டுக்காயத்தில் தாரோ சிமென்டோ பூசாமல் விடுவது, இவைதான் ஆபத்தைக் குறைக்கும்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மரங்களால் நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் பட்ட பாடு தெரிந்ததே. சீகை (வாட்டில் மரம்), ஸ்காட்ச் புரூம், உண்ணிச்செடி ஆகியவற்றை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் கொள்கையே வகுத்தது. அதை முழுமனதோடு ஆதரிக்கிறோம். பூங்காவில் நிற்கும் ஓர் அகாதிஸ் அந்தக் கணக்கில் வராது, அது தானாகப் பரவி மலையைப் பிடிக்கும் இனமல்ல. பதிவேட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் நேராக "தானே முளைத்துப் பரவுகிறதா" என்ற ஒரு பத்தி இருக்க வேண்டும். பரவுவது என்றால் பழைய மரத்தை வாழ்நாள் முடியும்வரை விட்டு, வாரிசு வளர்க்காமல், நாற்றுகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-ல். 2005-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ரயிலைவிடப் பூங்காவுக்கு 25 வயது கூடுதல். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012-ல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கட்டடங்களைப் போலவே இந்தப் பூங்காவையும், அதன் நில அமைப்பு, பாதைகள், கல்சுவர்கள், மரத்தொகுப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அலகாக, பாரம்பரிய இடமாகக் கருதும்படி தோட்டக்கலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் முன்மொழிய வேண்டும். அப்படி முன்மொழியவும் முதல் இணைப்பாகக் கேட்கப்படுவது மரப்பதிவேடாகத்தான் இருக்கும்.

வரலாற்றுப் பகுதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள சென்னை அரசின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளையும், நீலகிரிப் பூங்காக்களின் ஆண்டறிக்கைகளையும் பார்க்க வேண்டும். அவற்றோடு, குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிக் குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் பழைய படங்களும் அஞ்சலட்டைகளும் பெரிய உதவி. பின்னணியில் ஒரு மரம் தெரிந்தாலே, படம் எடுத்த ஆண்டுக்கு முன்பே அது நடப்பட்டுவிட்டது என்பது உறுதியாகும். தங்கள் வாசகர்களிடம் அத்தகைய படங்கள் இருந்தால் ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டாம், பழைய பசை படத்தின் பின்பக்கத்தைக் கிழித்துவிடும். பக்கத்தோடு சேர்த்து 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, எடுத்த ஆண்டு, எடுத்த இடம், படத்தில் உள்ள பாதை அல்லது கட்டடம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, பூங்கா அலுவலகத்துக்கு ஒரு படியும் மாவட்ட நூலகத்துக்கு ஒரு படியும் கொடுத்தால் போதும். மூலப்படம் அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம்.

இப்படிக்கு,
தோட்டக்கலைப் பணியில் இருந்தவர்கள் சிலர்,
நீலகிரி மாவட்டம்.